வெள்ளை முடிந்துபோன மேசை

பிள்ளைகளே, ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் பாலைவிட வேகமாக முடிந்த சாமான் முகப்பவுடர்தான்.

அப்போது நாங்கள் கனடாவில் பார்க்டேல் என்ற இடத்தில் ஒரு உயரமான கட்டடத்தில் இருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். லிப்ற் பழுதான நாட்களில் படியில் ஏறி இறங்கினாலே பாதி யாழ்ப்பாணத்தோடு கதைத்துவிடலாம். வீட்டை விட்டு யார் வெளிக்கிட்டாலும், கோயிலுக்கோ, டொக்ரரிடமோ, கீழே உடுப்புத் தோய்க்கிற அறைக்கோ, முதலில் முகம் கழுவிப் பவுடர் போட வேண்டும். என் மனைவி போடுவது சும்மா தடவல் இல்லை. சுவருக்கு வெள்ளை அடிப்பதுபோல இரண்டு தரம் அடிப்பாள். பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கும் நாள் என்றால் மூன்று தரம்.

எங்கள் மகள் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் எடுத்த படத்தில் கழுத்து ஒருத்தியுடையது, முகம் வேறொருத்தியுடையது. அந்தப் படத்தைத்தான் ஊருக்கு அனுப்பினோம். "கனடாக் குளிருக்குப் பிள்ளை நல்ல நிறம் வந்திட்டா" என்று அதன் பின்னால் எழுதியவன் நான்தான். அதை மறைக்கப் போவதில்லை.

எங்கள் சனத்திடம் அந்த நாளில் ஒரு விஞ்ஞானம் இருந்தது. கனடாவில் வெயில் குறைவு, ஆகவே இங்கே வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பார்கள். நானும் அதை நம்பி ஒவ்வொரு வசந்தத்திலும் கண்ணாடியில் பார்ப்பேன். பாண் சுடுகிற தொழிற்சாலையில் எரிகிற அடுப்புக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நிற்கிறவன் எந்த விஞ்ஞானத்தால் வெளுப்பான் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இதற்கு நடுவில் மகளைக் கொஞ்சுவதென்றால் "கறுப்பி" என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டுவிட்டு, பவுடர் போட்டாயா என்று கேட்பேன். இதில் ஏதும் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு பெப்ரவரிப் பின்னேரம் ஐந்தாம் மாடி அண்ணை வந்து கதவைத் தட்டினார். அவர் ஊரில் ஒரு கந்தோரில் கிளாக்காக இருந்தவர். எங்கள் கட்டடத்தின் ஆங்கிலம் முழுவதும் அவரிடம்தான் இருந்தது. வீட்டு முதலாளிக்குக் கடிதமா, இமிக்கிரேஷன் பாரமா, அவரிடம்தான் போக வேண்டும். அவருடைய மகனும் என் மகளும் ஒரே வகுப்பு.

"தம்பி, பள்ளிக்கூடத்தில உம்மட மகளின்ர படத்தைப் பாத்தனீரே?"

"எந்தப் படம் அண்ணை?"

"பிள்ளையள் எல்லாரும் தங்கட முகத்தைப் படமாக் கீறி வகுப்புக்கு வெளியில ஒட்டியிருக்கினம். உம்மட மகள் தோசைக்கல்லு மாதிரி நிக்கிறாள். கண்ணும் பல்லும்தான் தெரியுது."

"ஆர் கீறினது?"

"ஆர் கீறினால் என்ன? ரீச்சர் விட்டிருக்கிறாவே! என்ர பெடியன்ர படத்தைப் பாக்கோணும் நீர். நல்ல வெளிச்சமாக் கீறியிருக்கிறான். ஒவ்வொருத்தரும் தங்கட கலருக்குப் பேரும் வைச்சிருக்கினம். அவன் 'வனிலா' எண்டு எழுதியிருக்கிறான்."

அவருடைய மகனை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் வனிலா என்றால் நான் பனிக்கட்டி.

"என்ர மகள் என்ன எழுதியிருக்கிறாள்?"

அண்ணை தொண்டையைச் செருமினார். "'ரீ பாக்' எண்டு எழுதியிருக்கு. தேத்தண்ணி ஊத்திப் பாவிச்ச ரீ பாக்."

குசினிக்குள் ஏதோ விழுந்தது. மனைவி அகப்பையோடு வெளியே வந்தாள்.

"ஐயோ, என்ர பிள்ளை ரீ பாக்கோ? அதுவும் பாவிச்சதோ?"

மகள் தரையில் படுத்துக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். ரீவியை நிறுத்தி விசாரணையைத் தொடங்கினேன்.

"உந்தப் படத்தை ஆர் கீறினது?"

"நான்தான்."

"கலர் ஆர் தந்தது?"

"ஒருத்தரும் தரேல்ல. நானே மிக்ஸ் பண்ணினனான்." அவள் எழும்பி உட்கார்ந்தாள். பாராட்டப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "போன வருசம் எல்லாருக்கும் ஒரே கிரேயோன்தான் அப்பா. ஸ்கின் கலர் எண்டு பேர். காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்ரர் மாதிரி இருக்கும். வகுப்பில எல்லாரும் பிளாஸ்ரர். இந்த வருச ரீச்சர் அதை எடுத்து மேசை லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டிட்டா. சிவப்பு, மஞ்சள், நீலம், பிரவுண், வெள்ளை, அஞ்சு பெயின்ற் தந்தவ. கையைப் பேப்பரில வைச்சு, கையும் பெயின்றும் ஒண்டாகும் வரைக்கும் மிக்ஸ் பண்ணோணும். எனக்கு மூண்டு நாள் எடுத்தது. முதல் நாள் செங்கட்டி மாதிரி வந்தது. ரெண்டாம் நாள் சாம்பல். மூண்டாம் நாள் கையை வைச்சன் அப்பா, கை எங்க எண்டே தெரியேல்ல! ரீச்சர் 'பெர்ஃபெக்ற்' எண்டு சொல்லி வகுப்புக்கே காட்டினவ."

"ரீ பாக் எண்டு ஆர் சொல்லித் தந்தது?"

"அது எங்கட சிங்குக்குள்ள கிடந்தது. அதே கலர்."

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். பவுடர் பறந்தது.

இவ்வளவும் கேட்ட ஒரு புத்தியுள்ள தகப்பன் ரீவியைத் திரும்பப் போட்டுவிட்டுப் போயிருப்பான். என்னால் முடியவில்லை. அடுத்த வியாழக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். எங்கள் கட்டடமே படங்கள் ஒட்டிய அந்த நடைபாதையால் போய்வரும். "நாளைக்கு ஆரும் கலியாணம் பேசி வந்தால் இதையும் சொல்லுவினம்" என்றாள் மனைவி. "அவளுக்கு எட்டு வயசு" என்றேன். "எட்டு ஒம்பதாகும்" என்றாள். அந்தக் கணக்கில் பிழை பிடிக்க முடியவில்லை.

"நான் போய் ரீச்சரோட கதைக்கிறன். உதைக் கழட்டிப்போட்டு வேறை கீறலாம்" என்றேன்.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஒரு மிட்டாயோடு காரியம் முடிந்திருக்கும். ரீவியை நான் ஏற்கெனவே நிறுத்தியிருந்தும், அவள் எழும்பிப் போய் அதன் வயரையும் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"அதைக் கழட்டினால் நான் இனி ஒண்டும் கீற மாட்டன்" என்றாள். பெரிய ஆட்கள் வேலையை விடும்போது பேசுகிற குரலில் சொன்னாள். அவள் அந்தக் குரலை எங்கே பழகினாள் என்று எனக்குத் தெரியாது. கீறாவிட்டால் என்ன, கணக்குப் படிக்கட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பகல் வேலை முடித்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு நேரே அங்கே போனேன். அண்ணைக்கு அன்றைக்கு வேலை. அதனால் நான் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். ஆனால் அது கவர்னருக்கு எழுதிய விண்ணப்பம் போல இருந்தது. முதல் வரியைத் தாண்ட எனக்கு நாக்கு வரவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டேன். என் ஆங்கிலம் அடுப்பின் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் காணும், சண்டை பிடிக்கக் காணாது. ஆகவே மொழிபெயர்ப்புக்கு மகளையே பிடித்தேன். அந்த நாளில் எங்கள் வீடுகளில் டொக்ரரிடமும் வங்கியிலும் பிள்ளைகள்தான் எங்களுக்காகக் கதைத்தார்கள். பிள்ளையைப் பற்றிய முறைப்பாட்டையும் அந்தப் பிள்ளையைக் கொண்டே சொல்விப்பது எவ்வளவு கூத்து என்று அப்போது எனக்குப் படவில்லை.

வழி முழுக்க மனதுக்குள் ஒரு வெள்ளைக்காரியோடு சண்டை பிடித்துக்கொண்டு போனேன். நல்ல சண்டை. எல்லா வாக்கியத்திலும் நானே வென்றேன். வகுப்புக்கு வெளியே சுவரில் படங்கள் இருந்தன. கோபத்தில் அவற்றைத் திரும்பிப் பாராமல் உள்ளே போனேன்.

உள்ளே இருந்த ரீச்சர் வெள்ளைக்காரி இல்லை. கரீபியன் பக்கத்துத் தீவு ஒன்றில் இருந்து வந்தவர், என்னைவிடக் கறுப்பு. மகள் இந்த ரீச்சரைப் பற்றித் தினமும் கதைத்தவள். ரீச்சரின் தோடு, ரீச்சரின் சப்பாத்து, ரீச்சர் தும்முகிற விதம் எல்லாம் எங்களுக்குத் தெரியும். இது ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. அவளுக்கு அது ஒரு செய்தியாகப் படவில்லை போல.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் வழியெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்த கோபத்துக்கு இறங்க வேறு இடம் இருக்கவில்லை. சின்னக் கதிரையில் உட்கார்ந்து மகளிடம் தமிழில் சொன்னேன்.

"என்ர பிள்ளை இவ்வளவு கறுப்பில்லை. இப்பிடிக் கறுப்பாக் கீற விட்டது பெரிய பிழை எண்டு சொல்லு."

அவள் மேசையில் கிடந்த ஒரு தூரிகையை எடுத்து நேராக வைத்தாள்.

"சொல்லு."

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"அப்பா, ரீச்சரைப் பாருங்கோ."

பார்த்தேன். ரீச்சர் மேசையில் கை வைத்துச் சிரித்தபடி காத்துக்கொண்டிருந்தார், இந்த மனிதன் பிள்ளையைப் பற்றி ஏதோ நல்லது கேட்க வந்திருக்கிறான் என்ற முகத்தோடு. அவர் நிறத்துச் சனங்களுக்கு எங்கள் கட்டடத்தில் நாங்கள் ஒரு சொல் வைத்திருந்தோம். அதை இங்கே எழுத மாட்டேன். சாப்பிடும்போது, லிப்றுக்குள் நிற்கும்போது, பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்லுவோம், பிள்ளைகளுக்குக் காது இல்லாதது போல. என் காது சுட்டது.

ரீச்சர் மகளிடம் ஏதோ கேட்டார். மகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "அப்பா", "பெயின்ற்" என்ற இரண்டும் எனக்கு விளங்கின. ரீச்சர் இரண்டு கையையும் தட்டி எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கிவிட்டார்.

"என்னடி சொன்னனீ?"

"எப்பிடி மிக்ஸ் பண்ணுறதெண்டு அப்பாக்குப் பழக ஆசையாம் எண்டு சொன்னனான்."

"ஏன் பொய் சொன்னனீ?"

"நீங்கள் சொன்னதைவிட அது நல்லது."

விஷயம் அதோடு நிற்கவில்லை. என்னுடைய ஆசை ரீச்சருக்கு மிகவும் பிடித்துப்போய், வியாழக்கிழமை வருகிற எல்லாப் பெற்றோரும் தங்கள் நிறத்தைக் கலந்து தங்கள் முகத்தைக் கீற வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். ஒரு படத்தைக் கழற்றப் போன நான், இன்னும் முப்பது படம் ஒட்ட வழி செய்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் போகும்போது ஸ்ரீற்கார் என்கிற ட்ராமில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். நான் இரண்டு தரம் கூப்பிட்டும் திரும்பவில்லை.

"என்ன சொன்னவ ரீச்சர்?" என்று வீட்டு வாசலிலேயே மனைவி கேட்டாள்.

"வியாழக்கிழமை நாங்களும் கீறோணுமாம்."

"என்னத்தை?"

"எங்களை."

வியாழக்கிழமை வந்தது. தமிழ்ப் பெற்றோர் எல்லாரும் வழமைபோல ஒரே மேசைக்கு ஓடிப்போய் இருந்துகொண்டோம். மூன்றாம் வகுப்புக் கதிரைகளில் பெரிய மனிதர்கள். அண்ணையின் முழங்கால் அவருடைய காதுவரை வந்திருந்தது. பெண்கள் சேலைக்கு மேலே பனி ஜாக்கெற் போட்டிருந்தார்கள், முகத்தில் பவுடர் குறைவில்லாமல். ஒவ்வொரு மேசையிலும் ஐந்து பெயின்ற் டப்பி. மற்ற மேசைகளில் சனம் இதிலே கொஞ்சம் அதிலே கொஞ்சமாக எடுத்தது. எங்கள் மேசையில் பத்துக் கையும் ஒரே டப்பிக்குப் போனது.

"அண்ணை, வெள்ளையைக் கொஞ்சம் இஞ்சால தள்ளுங்கோ."

"பொறும் தம்பி, நெத்திக்கே இன்னும் காணேல்ல."

ஐந்து நிமிடத்தில் வெள்ளை முடிந்துவிட்டது. ரீச்சர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு டப்பி கொண்டுவந்து வைத்தார். அதுவும் முடிந்தது. பக்கத்து மேசையில் ஒரு போலந்துத் தாய் இருந்தாள். அசல் வெள்ளைக்காரி. சிவப்பையும் மஞ்சளையும் கலந்து தன் கையை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய வெள்ளை டப்பி அநேகமாகத் தொடாமல் அப்படியே இருந்தது. எங்கள் அவதியைப் பார்த்து அதையும் தூக்கித் தந்தாள்.

"நல்ல சனம்" என்றார் அண்ணை, தூரிகையை அதற்குள் விட்டபடி.

மகள் எங்களோடு இல்லை. வாசலில், தன் படத்துக்குக் கிட்ட முதுகை வைத்து நின்றாள். யாராவது அதைக் கழற்ற வந்தால் முதலில் தன்னைக் கழற்ற வேண்டும் என்பது போல.

நான் கலந்ததை மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உது ஆர்?"

"நான்தான்."

"உது நீங்களில்லை. உது ஐஸ்பெட்டிக்குள்ள இருந்து எடுத்த ஆள்."

உண்மைதான். அப்படி ஒரு நிறத்தில் எனக்கு யாரும் தேத்தண்ணி தர மாட்டார்கள், செத்தவீட்டுப் பறை அடிப்பார்கள். மனைவி தூரிகையைப் பறித்தாள். கறிக்கு உப்பும் தூளும் காணுமோ காணாதோ என்று கண்ணாலேயே சொல்கிறவள் அவள். பவுடர் விஷயத்தில் மட்டும்தான் அந்தக் கண் வேலை செய்யாது. பிரவுணை அள்ளிப் போட்டாள். ஒரு சொட்டுச் சிவப்பு. என் கையை இழுத்துத் தாளில் வைத்தாள். கிட்ட வந்தது, ஆனால் சேரவில்லை. ஏதோ ஒன்று குறைந்தது.

நான் வாசலைப் பார்த்தேன்.

"பிள்ளை, இஞ்ச வா. என்ன குறையுதெண்டு ஒருக்காப் பார்."

அவள் நாலைந்து நாளாக என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. ஆனாலும் தொழில் தெரிந்தவர்களைக் கூப்பிட்டால் வராமல் இருக்க அவர்களால் முடியாது. வந்தாள். என் கையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

"நீலம்."

"நீலமோ? நானென்ன கிருஷ்ணரோ?"

"கொஞ்சம் அப்பா. ஒரு சொட்டு."

தூரிகையின் நுனியால் தொட்டுக் கலக்கினாள். கையை வைத்தேன். மகள் சொன்னது உண்மை, பிள்ளைகளே. கை எங்கே முடிகிறது, தாள் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக என் நிறத்தைப் பார்த்தேன். அது மகளுடைய நிறத்தைவிட இரண்டு படி கறுப்பு.

"தம்பி, உமக்கென்ன விசரே?" என்றார் அண்ணை. "உதைச் சுவரில ஒட்டப் போகினம் காணும்!"

"உங்கட கையையும் ஒருக்கா வையுங்கோ அண்ணை, பாப்பம்."

அண்ணை தன் சேட்டுக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டு, எனக்குக் குளிருது என்றார். ஹீற்றருக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

ரீச்சர் வந்து என் தாளைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். எனக்கு அன்றைக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. மகளை இழுத்துக் காதுக்குள் சொன்னேன்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழையெண்டு ரீச்சரிட்டைச் சொல்லு."

"அதை நான் ரீச்சருக்குச் சொல்லவேயில்லையே. அவவுக்கு ஒண்டும் தெரியாது."

அடடா, தப்பினேன் என்று நினைத்தேன். "அப்ப பிரச்சினை இல்லை."

"இருக்கு" என்றாள். "எனக்கு விளங்கினதுதானே."

பிள்ளைகளே, எங்கள் பக்கத்து அப்பாமார் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய இடம் வந்தால் தின்ன ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேப்பர் படிப்பார்கள். என்னுடைய அப்பாவும் அப்படித்தான். எனக்கும் அந்த வழிதான் தெரியும்.

"போகேக்க டோனற் வேண்டித் தாறன்" என்றேன்.

அவள் யோசித்தாள். "டோனற்றும் வேணும். சொறி எண்டு சொல்லவும் வேணும்."

மேசை முழுக்கத் தூரிகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அண்ணைக்குக் குளிர் விட்டுவிட்டது, காதை நீட்டிக்கொண்டிருந்தார். மனைவியும் எனக்குக் கைகொடுக்கவில்லை. தன் நிறத்தைக் கலப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் நடித்தாள்.

"நான் சொன்னது பிழை, பிள்ளை" என்றேன். "நீ கீறினதுதான் சரி. சொறி."

"ஏன் பிழை?"

இந்த ரீச்சரிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு வியாதி. பதில் சொன்னாலும் விடமாட்டார்கள், காரணமும் கேட்பார்கள்.

"ஏனெண்டால்... அது உன்ர கலர். நான் அதை மாத்தச் சொன்னது உன்னை மாத்தச் சொன்ன மாதிரி."

"ஓகே" என்றாள். பிறகு என் சேட்டைப் பிடித்து இழுத்தாள். "இப்ப படத்தைப் பாக்க வாங்கோ. நீங்கள் இன்னும் பாக்கவேயில்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணை சொன்னதைக் கேட்டுக் கோபித்து, வேலை முடிந்த களையோடு பள்ளிக்கூடம் வந்து, ரீச்சருக்கு முன்னால் அவ்வளவு கதைத்தும், அந்தப் படத்தை நான் ஒருதரமும் என் கண்ணால் பார்க்கவில்லை. எழும்பினேன். சின்னக் கதிரையும் என்னோடு சேர்ந்து எழும்பியது. அதைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

வரிசையாக இருபத்துச் சொச்ச முகங்கள். அவளைத் தேட வேண்டியிருக்கவில்லை. தோசைக்கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. இரட்டைப் பின்னல், மேல் வரிசையில் ஒரு பல் இல்லாத சிரிப்பு, காலையில் பவுடர் போட முன்னம் குளியலறையால் ஓடிவருகிற அதே முகம். இரண்டு பக்கமும் கதவு திறந்துவிட்டதுபோலப் பெரிய காதுகள்.

நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்குத் தெரியாது.

"காதைக் கொஞ்சம் பெரிசாக் கீறிப்போட்டாய்" என்றேன்.

"அது உங்கட காது" என்றாள்.